ஒன்பதாவது வரி

முட்டை அட்டையைப் போல மேடும் பள்ளமுமாக எதையோ சுவரெல்லாம் ஒட்டி, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டூடியோவாம். அம்பத்தூர் மார்க்கெட்டில் கோழிக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறை இதைவிடக் காற்றோட்டமாக இருக்கும். மூச்சு விட்டால் அந்த மூச்சு என் காதுக்கே கேட்கிறது. எச்சில் விழுங்கினால் அதுவும் கேட்கிறது. எழுபத்தைந்து வயதுக் கிழவனின் நெஞ்சுக்குள் நடக்கும் சங்கதியை அவனுக்கே ஒலிபரப்ப ஒரு யந்திரம், அதற்கு ஒரு ஏசி, அந்த ஏசியும் சத்தம் போடுகிறது என்று சற்றுமுன் அணைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷாஹிதா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வயது இருக்கும், வாணியம்பாடிப் பெண், என் பேச்சில் வேலூர் வாடை அடிக்கிறது என்று கண்டுபிடித்து மகிழ்ந்தாள். என் கையில் ஒரு தாள், அதில் பன்னிரண்டு வரி. கண் தெரியாது என்று நினைத்தாளோ, படிப்பு வராது என்று நினைத்தாளோ, ஒவ்வொரு எழுத்தையும் கொட்டைப்பாக்கு அளவுக்கு அச்சடித்திருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு வரி சொல்ல வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும், ரொம்ப ஈஸி அங்கிள் என்றாள். அங்கிளாம். வயர்லெஸ் செட்டை முதுகில் சுமந்துகொண்டு நான் பதினெட்டு வயதிலிருந்து பேசியதை எனக்கே தாளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். ஹலோ, ரோஜர், வெயிட், கரெக்ட், ஓவர். தாள் கைக்கு வந்ததுமே கண் ஒன்பதாவது வரிக்குத்தான் போனது. சே அகெய்ன். ஓவர். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று அர்த்தம். இரண்டு வார்த்தை. அதைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டேன். விளக்கு இன்னும் எரியவில்லை. மைக்கில் ஏதோ கோளாறாம். கோளாறு இல்லாமல் இவர்களிடம் எது இருக்கிறது?

இவர்கள் செய்வது யுத்த கேம். ஏசி அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே ஆயிரம் பேரைச் சாகடித்துவிட்டு, மதியம் பிரியாணி ஆர்டர் செய்வார்கள். முப்பது பேர் வேலை செய்கிறார்கள், ஒருவனுக்கும் முதுகு நேராக இல்லை. ஒருவன் பீரங்கி செய்கிறான், ஒருவன் டாங்கி செய்கிறான், ஒருவன் காலையிலிருந்து புகையை மட்டும் செய்துகொண்டிருக்கிறான். ஷாஹிதாவின் வேலை என்ன என்று கேட்டேன். "அவங்கல்லாம் இருக்கறதைப் பண்றாங்க அங்கிள். நான் தெரியாததைப் பண்றேன்" என்றாள். அப்புறம் விளக்கினாள். விளையாடுகிறவன் கூடாரத்துக்குள் இருக்கும் அதிகாரி. அவன் முன்னால் ஒரு மேப். மேப்பில் எதிரியும் தெரிய மாட்டான், சொந்த ஆளும் தெரிய மாட்டான். வயர்லெஸ்ஸிலோ ஆள் மூலமோ செய்தி வந்தால்தான் ஒரு குண்டூசி தோன்றும். அந்தச் செய்தியும் பழசாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம், வழியில் சிதைந்திருக்கலாம். குண்டூசி இருக்கும் இடத்தில் ஆள் இருக்க மாட்டான், ஆள் இருக்கும் இடத்தில் குண்டூசி இருக்காது. மற்ற இடமெல்லாம் கறுப்பு. தாடி வைத்து அரைக்கால் சட்டை போட்ட அவளுடைய முதலாளி நடுவில் வந்து நின்று, சொந்த ஆளே எங்கே என்று தெரியாவிட்டால் விளையாடுகிறவன் கேமை மூடிவிட்டுப் போய்விடுவான் என்றான். நிஜத்தில் மூட முடியாதே சார் என்றாள் இவள். அந்த ஒரு பதிலுக்காக அவளை அரை நிமிஷம் மதித்தேன். அரை நிமிஷம்தான். ஏனென்றால் கறுப்பு. இவர்களுக்குத் தெரியாதது என்றால் கறுப்பு, ஒரு டப்பா பெயின்டைக் கொட்டிவிட்டால் ஆயிற்று. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனதெல்லாம் பட்டப்பகலில் மஞ்சளாக இருந்தது. காலை ஒன்பதரை மணி, பனி விலகி வெயில் வந்துவிட்டது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடுகு பூத்திருந்தது. எல்லாமே தெரிந்தது. எல்லாம் தெரிகிற இடத்தில்தான் ஒன்றுமே தெரியாமல் இருந்தோம். அதை எந்தப் பெயின்டில் அடிப்பாள்?

அதற்காகவா வந்தேன்? இவள் கேம் நன்றாக வரவேண்டும் என்று எனக்கு என்ன வேண்டுதலா? நான் வந்தது ஒரு பெட்டிக்காக. இந்த கேமில் செங்கல் சூளை என்று ஒரு சண்டை வருகிறது. எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் எங்கள் கம்பெனி போட்ட சண்டை. அதை இவர்கள் எடுத்தது எங்கள் கேப்டன் ஜகதீசன் எழுதிய புத்தகத்திலிருந்து. கேப்டன் பிறகு கர்னல் ஆகி, பென்ஷன் வாங்கி, இங்கிலீஷில் புத்தகம் எழுதி, நாலு வருஷத்துக்கு முன்னால் மெத்தையில் படுத்துச் செத்தும் போனார். நான் சிப்பாயாகச் சேர்ந்து சிப்பாயாகவே வெளியே வந்து, டயர் கம்பெனி வாசலில் இருபது வருஷம் லாரி நம்பர் எழுதினேன். எங்கள் பீரங்கி எங்கள் ஆட்களையே அடித்து ஏழு பேர் செத்ததைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தை என் மகள் புஷ்பலதா தமிழில் சொல்லிக் காட்டினாள். ஆபரேட்டர் பயத்தில் எண்களை முன்பின்னாக மாற்றிவிட்டானாம். "அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மூளையிடம் அந்த நேரத்தில் ஆறு எண்களை நம்பிக் கொடுத்தது என் தவறு." குறை சொல்ல மாட்டாராம். பெரிய மனசு. காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன், தடவிக் கொடுத்திருக்கிறார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் விசாரித்து ஷாஹிதா என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தபோது, அவள் லேப்டாப்பில் அந்தப் பையன் ஒரு பெட்டியாக இருந்தான். ஆபரேட்டர். படிப்பு: குறைவு. எண் பிழை: நூற்றுக்கு இருபது. நான் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என் ஆயுசு. உலகத்தில் எவனெவனோ விளையாடுவான், தோற்பான், ஆபரேட்டர் படிக்காதவன், அதனால்தான் என்பான். உண்மையைச் சொல்ல வருகிறேன், அந்த எண்ணை மாற்றுவாயா என்று கேட்டேன். நீங்கதான் அங்க இருந்தவர், நீங்க சொல்ற நம்பரைப் போடறேன் என்றாள்.

சொன்னேன். இன்று காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை சொன்னேன். மேப்பில் ஒரு இடத்துக்கு ஆறு எண். முதல் மூன்று குறுக்கே போவதற்கு, அடுத்த மூன்று மேலே போவதற்கு. குறுக்கே போன பிறகுதான் மேலே போகவேண்டும், இதைப் புதிதாக வந்த சிப்பாய்கூடத் தூக்கத்தில் சொல்வான். செங்கல் சூளைக்கு எண் நாலு ஒன்று ஏழு, நாலு இரண்டு மூன்று. ஜகதீசன் சாப் எனக்குச் சொன்னது நாலு இரண்டு மூன்று, நாலு ஒன்று ஏழு. மேலே போவதை முதலில் சொல்லிவிட்டார். இரண்டும் நாலில் ஆரம்பிக்கிற எண்கள், அதனால் குண்டு எங்கேயோ மேப்புக்கு வெளியே போய் விழாமல், அரை மைல் தள்ளிக் கடுகு வயலில் விழுந்தது. நான் கேட்டேன், கேட்டதைச் சொன்னேன். ஐம்பத்து மூன்று வருஷமாக நான் சொல்லிவருவது இதுதான், ஒரு எழுத்து மாற்றியதில்லை. ஷாஹிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆபரேட்டர் பெட்டியில் இருபதை அழித்துப் பூஜ்யம் போட்டாள். கேப்டன் பெட்டியைத் திறந்து அங்கே இருபது போட்டாள். விசையைத் தட்டி அந்தக் காலையைப் பத்து தரம் ஓட்டிக் காட்டினாள். பத்தில் இரண்டு தரம் கேப்டன் எண்ணை மாற்றிச் சொன்னார், இரண்டு தரமும் எங்கள் ஆட்கள் என்று வயலில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது, கீழே காரணம் என்று வந்தது: கேப்டன். எனக்கு எழுந்து நின்று சிரிக்க வேண்டும்போல இருந்தது. பார்த்தீரா சாப், பார்த்தீரா, நீர் எழுதிய முந்நூறு பக்கத்தை ஒரு வாணியம்பாடிப் பெண் ஒரு விரலால் அழித்துவிட்டாள். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆபரேட்டர் பெட்டியில் இன்னொரு கட்டம் காலியாக இருந்தது, அதைக் காட்டினாள். "எண் தப்பா இருக்கேன்னு ஆபரேட்டருக்குத் தோணினா, திருப்பிக் கேக்கலாம் இல்லையா அங்கிள்? கேப்பானா? நூத்துக்கு எவ்ளோ போடட்டும்?" தண்ணீர் வேண்டும் என்றேன். குடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி, அதுக்குள்ள வாய்ஸ் எடுத்துடலாம் என்று இந்தக் கோழிக்கூண்டுக்குக் கூட்டிவந்தாள்.

விளக்கு எரிகிறது. ஹலோ ஆல்ஃபா, ரேடியோ செக், ஓவர். குரல் எனக்குத் தெரியாமலே நிமிர்ந்து நிற்கிறது. வீட்டில் புஷ்பலதாவின் மாமியார் உப்பு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல இருமித் தொலைக்கும் தொண்டை, இதற்கு மட்டும் இருபத்திரண்டு வயதில் போய் நின்றுகொள்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாள். சினிமா டைரக்டர். அடுத்தது, ரோஜர். அடுத்தது, வெயிட் அவுட். ஜபல்பூரில் ட்ரெயினிங்கின்போது எங்கள் உஸ்தாத் மைதானத்தின் இந்தக் கோடியில் என்னையும் அந்தக் கோடியில் இன்னொருவனையும் நிறுத்தி, காற்றடிக்கும்போது கத்தவிடுவார். மூளையைப் பயன்படுத்தாதே, காதைப் பயன்படுத்து என்பார். என் காது நல்ல காது. அதைத்தான் எங்கள் கேப்டன் கிளி என்றார். சண்டைக்கு இரண்டு நாள் முன்னால், சுபேதார் சாப், ஹவில்தார், என் கூட்டாளி எத்திராஜ், சமையல்காரன் எல்லோரும் டீக்கு நிற்கிறார்கள். ஜகதீசன் சாப் மேப்பைப் பார்த்து எண் சொன்னார், மாற்றிச் சொன்னார். அன்றைக்கும் அதே தப்பு, மேலே போவதை முதலில். நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, சாப், எண் தலைகீழாக இருக்கிறது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சுபேதார் காதில் விழுந்து அவர் மீசைக்குள் சிரித்துவிட்டார். ஜகதீசன் சாப்புக்குக் காது சிவந்தது. "எத்தனாவது படிச்சே?" ஐந்து, சாப். "கிளி படிச்சிருக்கா?" நான் ரிசீவரைப் பார்த்தேன். "கிளிக்கு என்ன வேலை? சொன்னதைச் சொல்றது. திருத்தறது கிளி வேலையா? சொல்லு, நீ யாரு?" சொல்லும்வரை விடவில்லை. கிளி, சாப். எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தான், டீ மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு. அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க என் பெயர் தோத்தா. இந்தியில் கிளிக்குத் தோத்தா. தோத்தா, டீ சாப்பிட்டாயா, தோத்தா, மிளகாய் வேண்டுமா. எத்திராஜ் மட்டும் தனியாக வந்து, மனசில் வெச்சுக்காதடா மாசி, சாப்புங்க அப்படித்தான் என்றான். மாசிலாமணி என்கிற என் பெயரை அவ்வளவு சுருக்குகிறவன் அவன் ஒருவன்தான். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? கிட்பையிலா?

நாலாவது வரி முடிந்தது, ஐந்தாவது முடிந்தது. ஷாஹிதா ஹெட்போனில் சொல்கிறாள், சூப்பர் அங்கிள், அப்படியே யுத்தத்துல இருக்கற மாதிரி இருக்கு. உனக்கென்ன தெரியும் யுத்தத்தில் குரல் எப்படி இருக்கும் என்று? அன்றைக்குக் குரல் எப்படி இருந்தது? சாதாரணமாகத்தான் இருந்தது. பயத்தில் மாற்றினானாம், பயம். எனக்குப் பயம் இல்லை. ஒரு கரைக்குப் பின்னால் குந்தியிருக்கிறோம். சூளையிலிருந்து மெஷின்கன் சுடுகிறான், மேலே மண் தெறிக்கிறது. விடியற்காலையில் இரண்டு தரம் அந்தச் சூளையின் எண்ணை நானே தலைமையிடத்துக்குச் சொல்லியிருந்தேன், நாலு ஒன்று ஏழு, நாலு இரண்டு மூன்று, அது எனக்கு என் சர்வீஸ் நம்பர் மாதிரி. சரி, அது இருக்கட்டும். செட்டில் பேட்டரி இறங்கிவிட்டது, புதிது வாங்க நான் பின்னால் ஓடினேன், போக வர இருபது நிமிஷம். திரும்பி வந்தபோது ஜகதீசன் சாப் முழங்காலில் மேப்பை விரித்து வைத்திருந்தார். விரல் நடுங்கியது அவருக்குத்தான், எனக்கு இல்லை. என்னைப் பார்த்து, பீரங்கிக்குச் சொல்லு, நாலு இரண்டு மூன்று, நாலு ஒன்று ஏழு என்றார். கேட்டேன். சொன்னேன். பீரங்கிக்காரன் ஆபரேட்டர் திருப்பிச் சொன்னான், நாலு இரண்டு மூன்று, நாலு ஒன்று ஏழு. அவன் சொன்னதைக் கேட்டேன். சரி என்று சொன்னேன். அதுதான் இந்தத் தாளில் எட்டாவது வரி. விளக்கு எரிகிறது, சொல்கிறேன். கரெக்ட். ஓவர். எவ்வளவு சுத்தமாக வருகிறது பார். ஒரு பிசிறு இல்லை. அன்றைக்கும் பிசிறு இல்லை.

விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது. ஒன்பதாவது. வாய் திறந்திருக்கிறது, எனக்குத் தெரிகிறது, கண்ணாடியில் என் வாய் மீன் வாயாகத் தெரிகிறது. சத்தம் வரவில்லை. ஷாஹிதா தலையைத் தூக்குகிறாள். தண்ணி வேணுமா அங்கிள்? வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். ஜபல்பூரில் உஸ்தாத் இதை மட்டும் நூறு தரம் கத்தவைத்தார். ஒரு எண் விளங்கவில்லையா, சந்தேகமா, கேள், எதிரில் இருப்பவன் ஜெனரலாக இருந்தாலும் கேள், கேட்டதற்காக உன்னை எவனும் தூக்கில் போட முடியாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பெண் கேட்டது என்ன? எண் தப்பாக இருக்கிறதே என்று தோன்றினால். தோன்றினால் என்கிறாள். தோன்றுவதாவது. ஜகதீசன் சாப்பின் வாயிலிருந்து இரண்டாவது எண் வந்தபோதே எனக்குத் தெரியும். நாலு இரண்டு என்று ஆரம்பித்ததுமே தெரியும். வெயில் அடிக்கிறது என்று தெரிவதைப்போலத் தெரியும். இதை நான் புஷ்பலதாவிடம் சொன்னதில்லை, செத்துப்போன என் மனைவியிடம் சொன்னதில்லை, எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை, இந்த முட்டை அட்டைக்குள் சொல்கிறேன். தெரியும். தெரிந்து, நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் கிளி அல்லவா சாப்? கிளிக்குத் திருத்தும் வேலை இல்லையே சாப்? நீரே சொன்னீரே. குண்டு காலி வயலில் போய் விழும், சூளைக்காரன் சுட்டுக்கொண்டே இருப்பான், சுபேதார் பார்ப்பார், எல்லோரும் பார்ப்பார்கள், மறுபடி எண் கொடுக்கவேண்டி வரும், அப்போது அந்தக் காது சிவக்கும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஒரு சிவந்த காது. பீரங்கிக்காரன் திருப்பிச் சொன்னபோது இன்னொரு வாய்ப்பு வந்தது. அப்போதும் அந்தச் சந்தோஷம் தீர்ந்திருக்கவில்லை. கரெக்ட், ஓவர்.

வயல் காலியாக இல்லை. நான் பேட்டரிக்குப் போயிருந்த இருபது நிமிஷத்தில், ஆள் அனுப்பி, இரண்டாம் பிளட்டூனைக் கடுகு வயலுக்குள் முன்னேறச் சொல்லியிருக்கிறார் ஜகதீசன் சாப். வயர்லெஸ் இல்லாததால் ஆள். அது எனக்குத் தெரியாது. கடுகு இடுப்புயரம், தவழ்ந்து போகிறவனை அதுவும் காட்டிக்கொடுக்காது. என் கண்முன்னால் மஞ்சளாக, அழகாக, யாருமில்லாத வயல். ஷாஹிதாவின் மேப்பில் என்றால் அங்கே கறுப்பு இருக்கும், கறுப்பாக இருந்தால் யோசித்திருப்பேனோ என்னவோ. எத்திராஜ் அங்கே இருந்தான். அவன் காலுறை நனைந்துவிட்டது என்று முதல் நாள் என்னுடைய ஒரு ஜோடியைக் கொடுத்திருந்தேன். எங்கள் துணிமணியில் எல்லாம் அவரவர் நம்பரின் கடைசி நாலு எண் அடித்திருக்கும். பொறுக்கிச் சேர்த்தவர்கள் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, தோத்தா செத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அரைமணி நேரம் நான் செத்தவன் கணக்கில் இருந்தேன். என் எண்ணைச் சுமந்துகொண்டு அவன் போய்விட்டான். பிறகு விசாரணை வைத்தார்கள். மேஜர் கேட்டார், நீ கேட்டது என்ன. சொன்னேன். நீ சொன்னது என்ன. சொன்னேன். ஜகதீசன் சாப், நான் சரியாகத்தான் கொடுத்தேன், பையன் குழம்பிவிட்டான் என்றார். சத்தியமாக, அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை, சரியாகத்தான் சொன்னோம் என்று நம்பியிருப்பார், மேப்பைப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்த நிம்மதி உண்டு. அந்த மேஜர் கேட்காத கேள்வி ஒன்றுதான். எண் தப்பு என்று உனக்குத் தெரிந்ததா? ஏன் கேட்பார்? ஐந்தாம் கிளாசிடம் யாராவது அதைக் கேட்பார்களா? குவார்ட்டர் கார்டில் இருபத்தெட்டு நாள் போட்டார்கள், பட்டாளத்து லாக்கப், நாய்க்குப் போடும் ரொட்டி, அதற்கப்புறம் ஆயுசுக்கும் பிரமோஷன் இல்லை. படிக்காதவன், குழம்பினான், பாவம். ஒருவனாவது என்னைப் பார்த்து, இவன் தெரிந்து செய்திருப்பான் என்று சந்தேகப்பட்டானா? அதற்கு என்னை மனுஷன் என்று நினைத்திருக்க வேண்டுமே. ஜகதீசன் சாப் முந்நூறு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட என்னைக் கெட்டவன் என்று எழுதவில்லை. கெட்டவனாக இருக்க மூளை வேண்டும் அல்லவா? அவர்களுடைய இளக்காரத்தின் நிழலில்தான் ஐம்பத்து மூன்று வருஷம் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டே அவர்களைத் திட்டினேன். ரொட்டியைத் திட்டினேன், பிரமோஷனைத் திட்டினேன், புத்தகத்தைத் திட்டினேன், இந்த அரைக்கால் சட்டைக்காரனைத் திட்டினேன். எத்திராஜின் ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டாப், ஒரு தரம் இறங்கியதில்லை.

விளக்கு அணைந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஷாஹிதாவே வந்துவிட்டாள். முகத்தில் பதற்றம், கிழவன் இங்கேயே விழுந்துவிடுவானோ என்று. நாளைக்குக்கூட எடுத்துக்கலாம் அங்கிள், மூணு வரிதானே இருக்கு என்றாள். நாலு வரி, எண்ணத் தெரியாத பெண். அந்தப் பெட்டி என்றேன். எந்தப் பெட்டி? ஆபரேட்டர் பெட்டி, காலிக் கட்டம், நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டாயே.

"பூஜ்யம் போடும்மா."

"அதுக்கும் பூஜ்யமா?"

"அதுக்கும்."

"அப்ப அவனுக்குத் தப்புன்னு தோணவே தோணாதா?"

"தோணும். நல்லாத் தெரியும். கேக்க மாட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாள், அப்படி. தெரிஞ்சும் கேக்காம இருக்கறதுக்கு கேம்ல ஒரு காரணம் வேணும் அங்கிள் என்றாள். களைப்பு வைக்கலாம், பயம் வைக்கலாம், இரைச்சல் வைக்கலாம், மூன்றும் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறாளாம். எது? இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், மறுபடி பாவப்பட்ட பையனாகிவிடலாம். நீட்டிய கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அது மூணும் இல்லை என்றேன். வேறென்ன என்றாள். வெறும் பூஜ்யத்தைப் போடு, காரணம் கட்டத்தைக் காலியாக விடு, என் பேரை வேண்டுமானால் அதில் எழுதிக்கொள் என்றேன். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. தாளை என் கையிலிருந்து வாங்கி ஒன்பதாவது வரி மேல் பேனாவை வைத்தாள்.

"பூஜ்யம்னா இந்த வரி கேம்ல எப்பவுமே வராது அங்கிள். யார் விளையாடினாலும், எத்தனை தரம் விளையாடினாலும் வராது. அடிச்சிடட்டுமா?"

"அடிக்காதே. எடு."

"வராததை எதுக்கு எடுக்கணும்?"

"எடும்மா."

போய் உட்கார்ந்தாள். ஹெட்போனுக்குள் மறுபடி என் மூச்சு. கேமுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், ஒருவன் கைக்கும் எட்டாமல், ஒருவன் காதிலும் விழாமல் கிடக்கப்போகிற இரண்டு வார்த்தை. அங்கே என்ன நிறம் இருக்கும்? விளக்கு எரிகிறது. ரிசீவரைப் பிடிப்பதுபோல இடது கை தானாகக் காதருகே போகிறது. எதிரில் ஜகதீசன் சாப் முழங்காலில் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார்.

"சே அகெய்ன். ஓவர்."

விளக்கு அணைந்தது. ஒரே டேக்ல வந்துடுச்சு அங்கிள் என்றாள் ஷாஹிதா.